காணி வாங்கலும் விற்றலும்: வாசகர் கேள்விகளும் சட்டத்தரணியின் பதில்களும்

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போகிறார். தமது லயக் காம்பராவையும் அதை ஒட்டிய மரக்கறித் தோட்டத்தையும் மூன்று இலட்சம் ரூபாய்க்கு எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். சமாதான நீதவான் முன்னிலையில் கடிதம் எழுதித் தருவாராம். வாங்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவை கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்று பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டபோதும், நிலத்தின் உரித்து (சட்டப்படியான உடைமை) கம்பனிகளுக்கு மாறவில்லை. குத்தகைக்கு எடுத்த கம்பனிக்கே இல்லாத உரித்து அங்கே குடியிருந்த தொழிலாளிக்கு எப்படி வரும்? அவருக்கு இருந்தது குடியிருக்கும் அனுமதி மட்டுமே. சமாதான நீதவான் கையொப்பமிடுவதனால் அந்தக் கடிதம் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) ஆகிவிடாது. கையொப்பம் இன்னாருடையது என்பதற்கு மேல் அவர் எதையும் அத்தாட்சிப்படுத்துவதில்லை.

'முப்பது வருடம் இருந்திருக்கிறார், பத்து வருட ஆட்சியே போதுமே' என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம் சொல்லும் பத்து ஆண்டுகள், உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரித்தை ஏற்காமல், இடையூறின்றி அனுபவித்த ஆண்டுகளாகும். அனுமதியோடு குடியிருந்தவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. அரச காணிக்கு எதிராக அது செல்லுபடியாவதும் இல்லை.

லயத்துக்குப் பதிலாகத் தனி வீட்டுக்கென ஏழு பேர்ச் காணியைப் பெற்றவர் விற்கிறார் என்றால் நிலைமை வேறு. அப்போது அவருடைய கையில் இருப்பது என்ன பத்திரம் என்பதைப் பாருங்கள். சிலரிடம் நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) எழுதிய உறுதி இருக்கும், சிலரிடம் வெறும் கையளிப்புக் கடிதமே இருக்கும். அது உறுதி என்றால், விற்பதற்குத் தடையோ நிபந்தனையோ அதில் எழுதப்பட்டுள்ளதா என்று கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் என்றால், அதிகாரியின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறாத விற்பனை செல்லாது. இதற்குப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும்.

கேள்வி: நாவலப்பிட்டியில் 12 பேர்ச் காணி ஒன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்து, முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டோம். இப்போது வேறொருவர் கூடுதல் விலை தருகிறார் என்று விற்பவர் மறுக்கிறார். வழக்குப் போட்டுக் காணியை எடுக்க முடியுமா?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடரலாம், காணியை எழுதித் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்துவது இயலாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, விற்பனை உறுதி மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரை ஒட்டுவது இதற்கு ஈடாகாது. இனிமேல் முற்பணம் கொடுப்பதாக இருந்தால் நொத்தாரிசிடம் சென்று விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ளுங்கள். அதற்கான செலவு உங்கள் ஐந்து இலட்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கேள்வி: நாங்கள் வாங்கும் காணியின் உறுதி சிங்களத்தில் எழுதப்படுகிறது. எங்களுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். 'பதிவகத்தில் தேடிப் பார்க்கத் தேவையில்லை, தெரிந்த இடம்தான்' என்கிறார் தரகர். இது சரியா?
– வாசகர், பதுளை

பதில்: இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மொழியைப் பொறுத்தவரை, கையொப்பமிடுபவர் அந்த உறுதியை வாசிக்க இயலாதவராயின் அதை வாசித்துக் காட்டி விளக்குவது நொத்தாரிசின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குறைந்தபட்சம் அட்டவணையில் உள்ள எல்லைகளையும் விஸ்தீரணத்தையும், நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவரைக் கொண்டு மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேடலைப் பற்றித் தரகர் சொல்வதை ஏற்காதீர்கள். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம், உறுதி எழுதுவதற்கு முன் காணிப் பதிவேடுகளைத் தேடும் கடமையை நொத்தாரிசுக்கு விதிக்கிறது. ஆனால் தேடல் வேண்டாம் என்று தரப்பினரே கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் அவர் அதைத் தவிர்க்கலாம். உறுதியின் இறுதியில் அப்படியொரு குறிப்பு இருப்பதும், அதன் கீழே தாம் கையொப்பமிட்டிருப்பதும் பலருக்கு வழக்கு வந்த பிறகே தெரிகிறது. அந்தக் குறிப்பில் கையொப்பமிடாதீர்கள். வழமையாகக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடுவார்கள். ஈடு (அடமானம்), வழக்குப் பதிவு, பிறருக்கு எழுதிய நன்கொடை, தாய் தந்தையர் ஒதுக்கிவைத்த சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) முதலியன அதில் தெரியவரும்.

உறுதி முடிந்ததும் பதிவைத் தாமதிக்க வேண்டாம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, அதே காணியை விற்பவர் பின்னர் இன்னொருவருக்கும் விற்று, அந்த இரண்டாமவர் மோசடியில் பங்கில்லாமல் உங்களுக்கு முன்பே பதிந்துவிட்டால் முந்துரிமை அவருக்கே. அதேவேளை, பதிவு ஓர் உறுதிக்கு உயிர் கொடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். உரித்தில்லாதவர் எழுதிய உறுதியை எத்தனை முறை பதிந்தாலும் உரித்து வராது. பதிவக முத்திரையைக் காட்டி விற்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

கேள்வி: தந்தையார் மரண சாசனம் எழுதாமல் காலமானார். தாயாரும், மணமான இரு சகோதரிகள் உட்பட நாங்கள் நால்வரும் இருக்கிறோம். கம்பளைக்கு அருகே தந்தை பெயரில் உள்ள 40 பேர்ச் காணியை மூத்த அண்ணன் தனியாக விற்க முயல்கிறார். 'தேசவழமைப்படி பெண்பிள்ளைகளுக்குப் பங்கில்லை' என்கிறார்.
– வாசகர், கம்பளை

பதில்: தேசவழமை வட மாகாணத்தைச் சார்ந்த தமிழருக்குரிய சட்டம், கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்குரியது. மலையகத் தமிழரான உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டமுமே. அதன்படி பாதி தாயாருக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் நால்வருக்கும் ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. ஆகவே தாயாருக்கு 20 பேர்ச்சுக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 பேர்ச்சுக்கும் இணையான பங்கு உண்டு. அண்ணன் முழுக் காணிக்கும் உறுதி எழுதினாலும் வாங்குபவருக்குச் சேர்வது எட்டில் ஒரு பங்கே.

அந்தப் பங்கும் பிரிபடாத பங்கு. தெருவோரத் துண்டு தம்முடையது என்று அவர் தாமாகவே தீர்மானிக்க முடியாது. எல்லோரும் இணங்கினால் நில அளவையாளரைக் கொண்டு துண்டுகளாக்கிப் பங்கீட்டு உறுதி எழுதலாம். இணக்கம் இல்லையேல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவ்வழக்குகள் தலைமுறை தாண்டுவதும் உண்டு என்பதால், தாயார் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுமாறு சொல்வேன்.

கேள்வி: பண்டாரவளையில் சரிவான காணி ஒன்றின் உறுதியும் தேடலும் சரியாக உள்ளன. வேறு எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: காணி யாருடையது என்பதை உறுதி சொல்லும், அதில் வீடு கட்டலாமா என்பதைச் சொல்லாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை ஊவாவில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மலைச்சரிவுக் காணிகளில் கட்டட அனுமதிக்கு உள்ளூராட்சி மன்றம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையைக் கேட்கும். பணம் கொடுத்த பிறகு அதைப் பெறுவதில் பயனில்லை.

பாதையையும் பாருங்கள். தோட்டத்துத் தெருவால் இத்தனை நாள் போய்வந்தார்கள் என்பது உரிமையாகாது. தோட்டம் வாயிலைப் பூட்டினால் உங்களுக்குக் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். வழியுரிமை உறுதியின் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறதா, அளவைப் படத்தில் வரையப்பட்டிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: முத்திரைத் தீர்வை யார் கட்டுவது? எவ்வளவு?
– வாசகர், ஹட்டன்

பதில்: வழக்கத்தில் வாங்குபவரே கட்டுகிறார். முதல் ஓர் இலட்சம் ரூபாய்க்கு 3 வீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 4 வீதம். 30 இலட்சம் ரூபாய் பெறுமதியான காணிக்கு 3,000 ரூபாயும் 1,16,000 ரூபாயும் சேர்ந்து 1,19,000 ரூபாய் வரும். தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் குறைந்த விலையை எழுதச் சொன்னால் உடன்படாதீர்கள். தீர்வை சந்தைப் பெறுமதியின் மீதே கணிக்கப்படுகிறது. விற்பனை பின்னர் செல்லாமல் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிக்கும் சுமையும் உங்களுடையதாகிவிடும்.