ரஷ்யப் படமான '12'-இல் வருவது போல, ஒரே ஒரு ஜூரர் (வழக்கில் தீர்ப்பு சொல்ல உட்காரும் பொதுமக்களில் ஒருவர்) மறுத்தால் தீர்ப்பு நின்றுவிடுமா?

நிற்காது. '12 Angry Men' என்ற அமெரிக்கக் கதையை எடுத்துக்கொண்டபோது அமெரிக்க நடைமுறையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. படம் வந்த காலத்து ரஷ்யச் சட்டப்படி 11-க்கு 1 என்றால், படத்தில் குற்றம் சாட்டப்பட்ட பையன் குற்றவாளிதான்.

நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்காதவர்களுக்காக: நிகிதா மிகல்கோவ் 2007-இல் எடுத்தது. வளர்ப்புத் தந்தையான ரஷ்ய ராணுவ அதிகாரியைக் கொன்றதாக ஒரு செச்சென் (ரஷ்யாவின் செச்னியா பகுதியைச் சேர்ந்த) பையன் மேல் வழக்கு. நீதிமன்றக் கட்டடத்தில் மராமத்து நடப்பதால் 12 ஜூரர்களையும் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். முதல் வாக்கெடுப்பில், நடிகர் செர்கெய் மகோவெத்ஸ்கி நடித்த ஜூரர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் நிற்க, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் அங்கிருந்து கிளம்புகிறது. இதற்குமேல் முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது சட்டம். ரஷ்யக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு, ஜூரர்கள் முதலில் ஒருமித்த முடிவுக்கு முயல வேண்டும் என்கிறது. அதற்குக் கெடு 3 மணி நேரம். அதற்குள் ஒத்துவராவிட்டால் வாக்கெடுப்பு. படம் வந்த காலத்துக் கணக்கில் 7 பேர் 'ஆம்' என்றால் தண்டனை. எதிர்ப்பக்கம் 6 பேர் சேர்ந்தாலே விடுதலை. அதாவது 6-6 என்று சமமாக நின்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் லாபம். ஆகவே மகோவெத்ஸ்கி இன்னும் 5 பேரைத் தன் பக்கம் இழுத்தால் போதும், 11 பேரை இழுக்க வேண்டியதே இல்லை. மற்றவர்களும் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை முடிந்தது. ஆனால் பொறுமையில்லாமல் 3 மணி நேரம் ஆகும் முன்பே வாக்கெடுத்துப் பிளவுபட்ட முடிவோடு வெளியே வந்தால், மேல் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு அடிபட அது ஒன்றே போதும்.

படத்தில் இரண்டாவது முறை சீட்டு எழுதிப் போட்டு ரகசியமாக வாக்கெடுப்பார்கள். அதுவும் கூடாது. 342-ஆம் பிரிவின்படி வாக்கு வெளிப்படையாகத்தான். பட்டியல் வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், யாரும் ஒதுங்கி நிற்க முடியாது, ஜூரித் தலைவர் கடைசியாக வாக்களிப்பார். டாக்ஸி ஓட்டுநராக வரும் செர்கெய் கர்மாஷ் போன்ற ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தொலைக்காட்சித் தயாரிப்பாளரை வார்த்தையாலேயே நடுநடுங்க வைக்கிற அந்த நீண்ட காட்சி ஒன்று போதும். அதே மாதிரி, சாட்சி சொன்னது நடக்கக்கூடியதா என்று அவர்கள் அங்கேயே நடந்து பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் சட்டம் காட்டும் வழி வேறு: நீதிமன்றக் கூடத்துக்குத் திரும்பி வந்து, தலைவர் மூலம் நீதிபதியிடம் கேட்டு, விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லலாம்.

"சினிமாவில் சட்டப் புத்தகத்தைத் தேடலாமா" என்று யாராவது வருவார்கள். தேட வேண்டாம். கர்மாஷின் நடிப்புக்கு முன்னால் இதெல்லாம் தூசு, நானே சொல்கிறேன். ஆனால் கேள்வி சட்டத்தைப் பற்றியது.

என்னைக் கேட்டால் உண்மையான இடைவெளி இந்த எண்ணிக்கையில் கூட இல்லை. ரஷ்ய ஜூரர்களிடம் 'குற்றவாளியா இல்லையா' என்று ஒற்றைக் கேள்வி கேட்பதில்லை. மூன்று அடிப்படைக் கேள்விகள். செயல் நடந்தது நிரூபணமா? இவர்தான் செய்தார் என்பது நிரூபணமா? இவர் குற்றவாளியா? முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்று எழுதிவிட்டு மூன்றாவதுக்கு 'இல்லை' என்று எழுதலாம். கருணை நுழைவதும் அந்த வாசல் வழியாகத்தான், காழ்ப்பு நுழைவதும் அதே வழியாகத்தான்.

படத்தின் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. 2002 ஜனவரியில் செச்னியாவின் ஷாதோய் வட்டாரத்தில், கேப்டன் எதுவார்த் உல்மான் தலைமையில் வந்த ராணுவப் பிரிவு ஒரு வண்டியைச் சுட்டது. அதில் வந்த 6 பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது ரஸ்தோவ் நகரத்து ராணுவ நீதிமன்றத்தில், ஜூரியோடு. கொன்றதை ஜூரர்கள் மறுக்கவில்லை. மேலிடத்து உத்தரவுப்படி செய்தார்கள், ஆகவே குற்றவாளிகள் அல்ல என்றார்கள். 2004-இல் ஒருமுறை, அது ரத்தாகி 2005-இல் வேறு ஜூரி அமர்ந்து மறுபடி ஒருமுறை. அந்த ஜூரியில் செச்னியாக்காரர் உட்காரவே வழியில்லை. ரஷ்யாவில் ஜூரி முறை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் செச்னியா, அதுவும் 2010-இல்தான். 2006-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்ட பிறகு, ஜூரி இல்லாமல் நீதிபதிகளே விசாரித்து 2007 ஜூனில் தண்டித்தார்கள். உல்மானுக்கு 14 ஆண்டு. ஆனால் ஆள் அதற்குள் தலைமறைவு.

இதை வைத்து 'ரஷ்ய ஜூரி என்றாலே இப்படித்தான்' என்று முடிவுகட்டாதீர்கள். 1913-இல் கீவ் நகரத்தில், ஒரு கிறிஸ்தவச் சிறுவனைச் சடங்குக்காகக் கொன்றதாக மெண்டல் பெய்லிஸ் என்ற யூதரைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த வழக்குக்குப் பின்னால் அரசாங்கமே நின்றது. பெரும்பாலும் விவசாயிகளாகப் பார்த்துத்தான் 12 பேரையும் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள்தான் விடுதலை செய்தார்கள்.

படத்தின் முடிவுக்கு வருவோம். ஜூரித் தலைவராக வரும் மிகல்கோவ், பையன் நிரபராதி என்பது தனக்கு முதலிலேயே தெரியும் என்கிறார். வெளியே விட்டால் உண்மைக் கொலையாளிகள் அவனை முடித்துவிடுவார்கள், உள்ளே இருந்தால் உயிராவது மிஞ்சும் என்பது அவர் வாதம். இந்தப் பயத்துக்கு மட்டும் சட்டத்தில் பலமான அடிப்படை உண்டு. முழு விடுதலை என்று ஜூரி சொன்னால் காவலில் இருப்பவரை நீதிபதி அதே கூடத்தில் உடனே விடுவிக்க வேண்டும், 346-ஆம் பிரிவு. நாலு நாள் வைத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 'கதை விளக்கம்' என்று காணொளி போடுகிறவர்கள் இந்த மாதிரிப் படங்களைப் பத்து நிமிடத்தில் சுருக்கி, முடிவை முகப்புப் படத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பேச்சுதான் படம் என்றிருக்கும்போது பேச்சை வெட்டிவிட்டு என்னத்தை விளக்குகிறார்கள்? கூடவே 'ரஷ்யச் சட்டப்படி 12 பேரும் ஒத்துப்போக வேண்டும்' என்று ஒரு போடு வேறு.

கடைசியாக, உங்கள் குறிப்புக்கு: 2018 ஜூன் முதல் 12 பேர் கணக்கும் போய்விட்டது. மேல் அடுக்கு நீதிமன்றங்களில் 8 ஜூரர்கள், அங்கே விடுதலைக்கு 4 வாக்கு போதும். மாவட்ட நீதிமன்றங்களில் 6 பேர், 3 வாக்கு போதும். குற்றத்தை இன்னும் கடுமையாக்கும் கூறு ஏதும் இல்லாத கொலை வழக்கு இப்போது மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும். மிகல்கோவ் இன்று எடுத்தால் '6' என்றுதான் பெயர் வைக்க வேண்டியிருக்கும், பாதி நடிகர்களுக்கு வேலையும் இருக்காது.