பட்டுக்குள்ள மருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு விழித்திரை பிரச்சனை, மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி போடுறாங்க. பட்டுல மருந்தை வெச்சா பல மாசத்துக்கு ஒரே ஊசி போதும்னு படிச்சேன். நிஜமா? மாத்திரையா குடுக்க முடியாதா?

பதில்: மாசாமாசம் கண்ணுல ஊசின்னா எவ்ளோ பயம்னு புரியுது. இந்த மருந்துங்க பெரும்பாலும் புரோட்டீன், ஆன்டிபாடி வகை. விழுங்குனா வயிறு அதை சாப்பாட்டு புரோட்டீன் மாதிரியே செரிச்சிடும், அதான் மாத்திரையா வராது. ஊசியா போட்டாலும் கொஞ்ச நாள்ல கண்ணுலேருந்து வெளியேறிடும், திரும்ப போடணும்.

கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடுற பொருளுக்குள்ள வெச்சு போட்டா என்னன்னு ரொம்ப நாளா முயற்சி நடக்குது. பிஎல்ஜிஏன்னு ஒரு பிளாஸ்டிக் வகை இருக்கு, தானா கரையும், ஆனா கரையும்போது ஆசிட் உண்டாகும், அதைத் தயாரிக்கவும் பெரும்பாலும் கெமிக்கல் சால்வென்ட் வேணும், ரெண்டுமே புரோட்டீனோட மடிப்பை, அதாவது அது மடிஞ்சிருக்கற வடிவத்தைக் கெடுத்துடும், மடிப்பு கெட்டா மருந்து வேலை செய்யாது. பட்டு இங்கதான் ஜெயிக்குது.

பட்டுப்புழுவோட கூட்டை வெட்டி சோடியம் கார்பனேட் கலந்த தண்ணியில அரை மணி நேரம் கொதிக்க வெச்சா செரிசின்ங்கற பசை போயிடும், ஃபைப்ராயின்ங்கற பட்டுப் புரோட்டீன் நார் மட்டும் மிஞ்சும். அதை லித்தியம் புரோமைடு உப்புக் கரைசல்ல 60 டிகிரியில கரைச்சு, சவ்வுப் பைக்குள்ள ஊத்தி, தண்ணி மாத்தி மாத்தி ரெண்டு நாள் வெச்சு உப்பை எடுத்துடுவாங்க. கையில இருக்கறது வெறும் தண்ணியில கரைஞ்ச பட்டு, கெமிக்கல் சால்வென்ட் இல்ல! அதுல மருந்தைக் கலந்து காயவெச்சு ஈரக்காத்து பட வெச்சா பட்டோட நீளமான புரோட்டீன் சங்கிலிங்க பீட்டா ஷீட்னு நெருக்கமா அடுக்கிக்கும். அடுக்கு கூடக்கூட மருந்து மெதுவா கசியும். அந்த வேகத்தை நாமளே செட் பண்ணலாம்ங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

சிக்கலும் இருக்கு. மேல ஒட்டியிருக்கற மருந்து முதல் நாளே மொத்தமா வெளிய வரலாம். பட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ், பாசிட்டிவ் சார்ஜ் உள்ள புரோட்டீன் அதுல ஒட்டிக்கிட்டு வராமலே போகலாம். கூட்டைக் கூடுதல் நேரம் கொதிக்க வெச்சா சங்கிலி உடைஞ்சு குட்டையாகும், கசியற கணக்கே மாறிடும். ஆய்வுங்க பெரும்பாலும் லேப், விலங்கு சோதனை அளவுலதான் இருக்கு, அதனால அம்மாவோட ஊசியை தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க, டாக்டர் சொன்ன தேதியில போட்டுடுங்க.

கேள்வி: உடம்புக்குள்ள பட்டு வெச்சா அலர்ஜி வராதா?

பதில்: ஆபரேஷன்ல பட்டு நூல் தையல் ரொம்ப காலமா இருக்கே. சிலருக்கு அலர்ஜி வந்தது உண்மைதான், அதுக்குப் பெரும்பாலும் செரிசின் மிச்சம் இருந்ததைத்தான் காரணமா சொல்றாங்க, அதான் அதை சுத்தமா நீக்கணும்னு இவ்ளோ பாடு. மிஞ்சற ஃபைப்ராயினை உடம்போட என்சைம்களே மெதுவா வெட்டிடும்.

கேள்வி: ஃபிரிட்ஜ் இல்லாம தடுப்பூசி வெக்க பட்டு உதவுமா?

பதில்: உதவும்னு 2012ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியை பட்டு ஃபிலிம்ல வெச்சு 45 டிகிரியில 6 மாசம் விட்டும் சுமார் 85 சதவீதம் வீரியம் இருந்துச்சு. தண்ணி கம்மியா இருக்கற பட்டுக்குள்ள அது அசைய இடமில்லாம இருக்கறதால சீக்கிரம் சிதையாது.