மீன் துண்டு நமக்கு, சாறு அவளுக்கு

கேள்வி: அக்கா, லீவில் மகளோடு ஒரு படம் பார்த்தேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, ஒருவன் கிராமத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கொண்டுபோய் பட்டறையில் அடைத்து வைக்கிற கதை. எட்டாவது படிக்கும் மகள் அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள், “பக்கத்து வீட்டில வேலைக்கு நிக்கிற பிள்ளையும் இப்படித்தான் வந்துதா அம்மா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளை வெளிமாநிலம். பன்னிரண்டு வயதுதான் இருக்கும். வீட்டுக்காரம்மா, “சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்” என்கிறார். என் கணவர், “நமக்கெதுக்கு வம்பு?” என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். நாமெல்லாம் வில்லனைத் திட்டிவிட்டு டிவியை அணைத்துவிடுகிற கூட்டம். நிஜத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவனைப் பார்த்தால் பயமே வராது. தெரிந்தவனாக, மாமன் முறை சொல்லிக்கொண்டு வருவான். தகப்பன் கையில் கொஞ்சம் முன்பணம் வைப்பான். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் வருகிற எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, பிழைக்க வருகிறவர்கள்தான் பாவம். ஆனால் அவ்வளவு தூரம் வந்த ஒரு சின்னப் பிள்ளைக்குத் திரும்பிப் போக வழி கேட்கக்கூட பாஷை தெரியாது.

“சொந்தப் பிள்ளை மாதிரி” என்ற பேச்சை நான் சின்ன வயதிலேயே கேட்டவள். எங்கள் ஆச்சி வீட்டில் ஒருத்தி வேலைக்கு நின்றாள். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம். படுக்கை அடுக்களையில், விறகடுக்கு ஓரத்தில். மீன்குழம்பில் துண்டு எங்களுக்கு, சாறு அவளுக்கு. என் நோட்டுக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் அட்டை போட்டுத் தருவாள். லேபிளில் பெயரை மட்டும் நான் எழுதணும், அவளுக்கு எழுத வராது. அவள் எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். வீட்டு வேலைக்கும் டீக்கடை வேலைக்கும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 2006-லேயே தடை வந்தாயிற்று. 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி விட்டு வந்து வீட்டுக்கு ஒத்தாசை செய்யலாம் என்ற விலக்கு உண்டு. அது சொந்தக் குடும்பத்துக்கு மட்டும். பணம் கொடுத்தோ ஏமாற்றியோ சுரண்டலுக்குக் கொண்டு வந்திருந்தால் அது ஆள்கடத்தல். பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இன்னொன்று. சினிமாவில் நடிக்கிற பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கொத்தடிமையாக நடிக்கிற பிள்ளைக்கு இருக்கிற மணிக்கணக்கு, அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பிள்ளைக்கு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன். 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பெயர் சொல்ல மனமில்லையென்றால் சொல்ல வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு முற்றம் பெருக்குகிறாள், பள்ளிக்கூடம் போகிறாளா, எவ்வளவு நாளாக இருக்கிறாள். கடத்தலா இல்லையா என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குழந்தைகள் நலக் குழு விசாரிக்கட்டும்.

அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் போய் நியாயம் பேசிவிடாதீர்கள். ராவோடு ராவாகப் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

உங்கள் வீட்டுக்காரரிடம், பெயர் வெளியே வராது என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் முனகினால் முனகட்டும். மகளிடம் போன் செய்ததைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ஆனால் அதிகாரிகள் வந்து போகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.