எல்லோரும் கொதிக்கும்போது எனக்கு மட்டும் ஏன் கோபம் வரவில்லை?

கேள்வி: வெளிநாட்டில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மொழி சரளமாக வருகிறது, யாரும் என்னை ஒதுக்குவதில்லை. ஆனாலும் 'நானும் இவர்களில் ஒருத்தி' என்ற எண்ணம் வரமாட்டேன் என்கிறது. அவர்கள் கொதித்துப் போகும் விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதில்லை. நான் கூனிக்குறுகும் இடத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள். என்னிடம் என்ன குறை?

பதில்: குறை ஒன்றும் இல்லை. எங்கே இடறுகிறது என்பதை நீங்களே சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மொழியும் பழக்கவழக்கமும் ஒரு குழுவுக்குள் நுழைய உதவும். உள்ளே போனபின் ஒட்டுவதற்கு, ஒரே நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரே உணர்ச்சியைக் கிளப்ப வேண்டும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் பாட்யா மெஸ்கீட்டாவின் பெல்ஜிய ஆய்வுக்குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் குடியேறிய கொரியர்களையும் பெல்ஜியத்தில் குடியேறிய துருக்கியர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுகூரச் சொல்லி, அப்போது கோபம், வெட்கம், பெருமிதம், நெருக்கம் என ஒவ்வொன்றும் எந்த அளவு இருந்தது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே வகைச் சம்பவத்துக்கு உள்ளூர்க்காரர்கள் போட்ட சராசரியோடு அதை ஒப்பிட்டார்கள். அந்த நாட்டில் வாழ்ந்த காலமும் அந்த மக்களோடு உள்ள புழக்கமும் கூடக் கூட உணர்ச்சிப் பாங்கும் நெருங்கி வந்தது. 'இந்த ஊர்க்காரராக வேண்டும்' என்ற விருப்பத்துக்கு அதில் பங்கு தென்படவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வேற்றுமை எங்கே கிளம்புகிறது? கூட்டத்தில் மேலாளர் உங்களைக் குறை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எல்லோர் முன்னாலும் இப்படிப் பேச இவருக்கு என்ன உரிமை?' என்று ஒருவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். 'என்னால் குழுவுக்கே கெட்ட பெயர்' என்று இன்னொருவர் தலைகுனிவார். உளவியலாளர் ஷினோபு கிதயாமாவும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஜப்பானியரிடம் நட்புணர்வு, குற்ற உணர்வு போன்ற, பிறரோடு பிணைக்கும் உணர்ச்சிகளும், அமெரிக்கரிடம் பெருமிதம், கோபம் போன்ற, தன்னைத் தனித்துக் காட்டும் உணர்ச்சிகளும் ஓங்கி நின்றன.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது (1 முதல் 7 வரை மதிப்பெண்), அவர்களிடம் என்ன தெரிந்தது, அதன்பின் அவர்கள் என்ன செய்தார்கள். நான்காவது பத்தியை விட்டுவிடாதீர்கள். முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிப்பதில் வேற்றூர்க்காரருக்குப் பிழை அதிகம்; அடுத்து செய்த காரியம் அவ்வளவாக ஏமாற்றாது. சந்தேகம் வந்தால் 'உனக்கு என்ன தோன்றியது?' என்று கேட்காமல் 'நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று கேளுங்கள். முன்னதற்கு மரியாதைக்காக ஒரு பதில் வரும், அவ்வளவுதான்.

தவறிப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வராத கோபத்தை வரவழைத்து நடிப்பது. நடிப்பவருக்குக் களைப்பு, பார்ப்பவருக்கு அது தெரிந்தும் போகும். மற்றது, வேலை முடிந்ததும் தாய்மொழிக்காரர்களிடம் மட்டுமே ஓடிவிடுவது. அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு பொழுதாவது, வேலைப்பேச்சு இல்லாமல், உள்ளூர்க்காரர் இரண்டு மூன்று பேரோடு கழியட்டும். பழைய உணர்ச்சிப் பாங்கு போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இடத்துக்கேற்ப மாறிக்கொள்பவர்களும் உண்டு என்பதை மெஸ்கீட்டா குழுவினரின் பிந்தைய ஆய்வு காட்டுகிறது.

கேள்வி: பல நாட்டவர் உள்ள குழுவில், ஒருவருக்கு நடந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்டேன். யாருக்காகப் பேசினேனோ அவரே விலகிப் போகிறார். ஏன்?

பதில்: மானுடவியலாளர் ஜீன் பிரிக்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1960-களில் வட கனடாவில் உட்கு இன்யூட் என்ற பழங்குடி மக்களோடு ஒரு குடும்பத்தின் வளர்ப்பு மகளாகத் தங்கியிருந்தார். அங்கே வந்த வெளியூர் மீன்பிடிப் பயணிகள், அம்மக்களின் படகை இரவல் வாங்கி உடைத்துவிட்டு இன்னொன்றையும் கேட்டபோது, இவர் அவர்கள் மேல் சீறினார். படகை இழந்தவர்களோ அமைதியாகவே நின்றார்கள். பின்பு ஏறத்தாழ மூன்று மாதம் பிரிக்ஸ் ஒதுக்கப்பட்டார். யாரும் திட்டவில்லை, மரியாதையும் குறையவில்லை. அவரோடு உட்கார்ந்து பேச வருவது மட்டும் நின்றுபோனது. கோபம் குழந்தைகளுக்குரியது, வளர்ந்தவரிடம் அது வந்தால் அருகில் இருப்பது ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. யாருக்காகக் கோபம் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இனி இப்படி நேர்ந்தால், பாதிக்கப்பட்டவரிடம் 'இதைப் பேசட்டுமா?' என்று முதலில் தனியாகக் கேளுங்கள். சரி என்றால், சம்பந்தப்பட்டவரிடமும் தனியாகவே பேசுங்கள். குற்றத்தைச் சொல்லாமல் இழப்பைச் சொல்லுங்கள்: 'நீங்கள் செய்தது தவறு' என்பதைவிட 'இதனால் அவருக்கு இரண்டு நாள் வேலை வீண்' என்பது எடுபடும். நடந்து முடிந்ததற்கு, கூட்டத்தில் உருக்கமாக மன்னிப்புக் கேட்காதீர்கள். அது இரண்டாவது வெடிப்பாகவே தெரியும். பிரிக்ஸின் நிலைமை இளகியதே இரு தரப்பையும் அறிந்த ஒரு பெண், 'உங்களுக்காகத்தான் அவள் பேசினாள்' என்று விளக்கி எழுதிய கடிதத்தால்தான். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடுங்கள்.

கேள்வி: சேர்ந்து சடங்கு செய்தால் குழு ஒட்டிவிடுமா?

பதில்: ஏற்கெனவே உறவு இருந்தால் இறுகும். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே கிராமத்துத் தீமிதியில், மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு அளக்கும் கருவி கட்டிப் பார்த்தார்கள் (2011-ல் வெளியான ஆய்வு). மிதிப்பவரின் துடிப்போடு சொந்தக்காரர், நண்பர்களின் துடிப்பு ஒத்து ஏறி இறங்கியது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி இல்லை. முன்பின் தெரியாதவர்களை ஒரு நாள் விளையாட்டு முகாமுக்குக் கூட்டிப்போய் ஒட்டவைக்கப் பார்க்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு கூட்டம் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு ஏன் வலிக்க வேண்டும்?

பதில்: வலிக்கத்தான் செய்யும். உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் உருவாக்கிய 'சைபர்பால்' என்ற கணினிப் பந்து விளையாட்டில், மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து போடாமல் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். சில நிமிடங்களிலேயே மனம் சுருங்கிவிடும். எதிராடுவது வெறும் கணினி என்று சொன்னாலும், வெறுக்கத்தக்க இனவெறிக் குழுவினர் என்று சொன்னாலும் பெரிய மாற்றமில்லை. முதலில் எழும் வலி, ஒதுக்கியது யார் என்று பார்ப்பதில்லை. அந்த யோசனை பிறகுதான் வருகிறது. ஆகவே அன்றைக்கே பதில் எழுதாதீர்கள், வெளியேறுவதாகவும் அறிவிக்காதீர்கள். ஒரு நாள் கழித்து, உங்களைச் சேர்த்துக்கொள்ளும் இரண்டு பேரோடு பேசிவிட்டு முடிவெடுங்கள்.