படையாச்சி என்ற பட்டமும் கொள்ளுத்தாத்தாவின் ஊரும்

அன்புள்ள ஐயா,
என் கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பலில் மலாயா வந்து சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்). அவருடைய பழைய ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) பெயருக்குப் பின்னால் 'படையாச்சி' என்று இருக்கிறது. இந்தக் குடும்பப் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? அவர் மகள், என் பாட்டி, இருக்கிறார். கேட்டால் 'சேலத்துப் பக்கம்' என்பதோடு சரி.
- ஒரு வாசகி, ஷா ஆலாம்

அன்புள்ள தங்கச்சி,

பெயரை வைத்து முடியாதும்மா. படையாச்சி என்பது வன்னியர்களின் பட்டம். கடலூர், விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று பல பக்கமும் உண்டு. அது சாதியைச் சொல்லும், ஊரைச் சொல்லாது.

அவர் வந்த வருடத்தைக் கணிக்கக் கப்பலைப் பிடியுங்கள். ரஜூலா 1926இல்தான் ஓடத் தொடங்கியது. தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. நடுவில் 1930லிருந்து சில வருடம் ரப்பர் விலை விழுந்து ஆள் எடுப்பதே நின்றுபோனது, இருந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். ஆக, கங்காணி (தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து மேற்பார்த்தவர்) கூட்டி வந்தவர் என்றால் அந்த இடைவெளிக்கு முன்னே மூன்று நான்கு வருடம், பின்னே மூன்று நான்கு வருடம், அவ்வளவுதான். சொந்தச் செலவில் வந்திருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

அப்புறம், நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தக் கங்காணியைத்தான். கங்காணி பெரும்பாலும் தன் ஊருக்கே திரும்பிப் போய் சொந்தபந்தத்திலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஆள் சேர்த்து வருவார், அதனால் அவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் சிதறியிருந்தாலும் அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களைத் தேடுங்கள், உங்கள் வீட்டில் மறந்தது அவர்கள் வீட்டில் இருக்கும்.

பாட்டியிடம் 'நம்ம ஊர் எது' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவரிடம் இருக்கும் பதில் 'சேலம்'தான். கங்காணி பேர் என்ன, குலதெய்வம் யார், பெண் எடுத்தது எந்த ஊரில், உங்க அப்பா யாருக்குப் பணம் அனுப்புவார் என்று கேளுங்கள். தகரப்பெட்டியையும் கிளறுங்கள். ஒரே ஒரு மணியார்டர் ரசீதோ, ஊரிலிருந்து வந்த கடிதமோ கிடைத்தால் போதும், தபால் முத்திரை அழிந்திருந்தாலும் முகவரியில் 'போஸ்ட்', 'தாலுகா' என்று எழுதியிருப்பார்கள். பழைய மொய் நோட்டிலும் ஊர்ப் பெயர்கள் இருக்கும்.

பாட்டி சொல்வதைத் திருத்தாமல் அவர் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். தள்ளிப் போடாதீர்கள். ஊர்ப் பெயர் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும், எது என்று பிரித்துப் பார்க்க நானும் கூட உட்காருகிறேன்.