நீந்துபவர்களுக்கான மிதக்கும் நிழற்குடை உண்மையில் பயன் தருமா?

கேட்டிருப்பவர் கோடை விடுமுறைக்குத் தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வரவிருக்கிறார். ஊருணியில் பிள்ளைகள் நீந்தும்போதும் பெரியவர்கள் நீரில் நிற்கும்போதும் வெயில் தாக்காமலிருக்க, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க மிதக்கும் நிழற்குடை ஒன்றை வாங்கலாமா, அல்லது நாமே செய்துகொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி. மூன்று கோடைகளாக அப்படியொன்றைப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே இடத்தில் நின்றோ மிதந்தோ இருப்பவருக்கு அது மிகவும் உதவும்; இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்துகிறவருக்கு உதவாது.

எங்களுக்கு அந்தத் தேவை அப்பச்சியால் வந்தது; எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம். எழுபது வயதைக் கடந்த அவருக்கு மூட்டுவலி இருப்பதால், மார்பளவு நீரில் தினமும் அரைமணி நேரம் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். அந்த ஆழத்தில் உடலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கால்களில் இறங்கும். விடியற்காலையில் நீர் குளிர்ந்திருப்பதால் மூட்டு பிடித்துக்கொள்கிறது என்று அவர் பத்து மணிக்குத்தான் இறங்குவார். தை மாதத்தில் எங்கள் ஊர்க் குளிக்கும் ஊருணியில் நீர் செம்புறாங்கல் படிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரையிலுள்ள வேம்பின் நிழலே போதும். சித்திரை பிறப்பதற்குள் நீர் வற்றி நடுவுக்குப் போய்விடுகிறது, மர நிழலோ கரையிலேயே நின்றுவிடுகிறது. பொது இடத்தில் நிரந்தரமாகக் கால் நட்டுப் பந்தல் போடவும் முடியாது. நீரோடு நகரவும், வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு வீடு திரும்பவும் ஏற்ற நிழல் எங்களுக்கு வேண்டியிருந்தது.

முதலில் செய்தது தவறானது. லாரி டியூப் ஒன்றின் நடுவே பலகை கட்டி, சாலையோரக் கடைகளில் வைக்கும் பெரிய குடையை அதில் நிறுத்தினேன். குடையின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து ஆறடி உயரத்தில் இருந்தது. அப்பச்சி டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை அவர் தலைக்கு மேல் இருக்க, அதன் நிழலின் பெரும்பகுதி நான்கடி தள்ளி மேற்குப் பக்கத்தில் தண்ணீரின் மேல் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டியூபை விட்டுவிட்டு நடந்துபோய் அந்த நிழலில் நின்றுகொண்டார். அன்று மாலையே அதற்கான கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காரைக்குடி வட்டாரம் ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நண்பகலும் இங்கே கடிகாரத்தில் 12.15 மணியளவில்தான் வரும். அப்போது மட்டுமே நிழல் நேர் கீழே விழும். காலை 10 மணிக்குக் குடையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் நிழல் விலகும்; மாலை 4 மணிக்கு உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலகும். ஆகவே கூரை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அந்த அளவுக்கு நிழல் ஆளை விட்டு ஓடாமலிருக்கும்.

உயரத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் சில நாட்களில் தெரிந்துவிட்டது. திடீரென அடித்த காற்றில் டியூப் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ள, குடை சாய்ந்து அதன் கம்பி அப்பச்சியின் தோளில் கீறியது. சிறிய காயம்தான் என்றாலும், முகத்தில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒன்றரை மீட்டர் சதுரத் துணியில் நேராக மோதினால் நான்கைந்து கிலோ அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் ஆறடிக் கம்பத்தின் உச்சியில் விழுந்தால் டியூப் கவிழாமல் வேறென்ன செய்யும்? திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். தெப்பம் கட்டுகிறவர்கள் பீப்பாய்களை அகலப் பரப்பி அடித்தளம் அமைத்த பிறகுதான் அதன்மேல் பந்தல் எழுப்புவார்கள். கண்முன்னே இருந்த அந்தப் பாடத்தை நான் முதலில் எடுத்துக்கொள்ளாமல் போனேன்.

இப்போது எங்களிடம் இருப்பது இரட்டை மிதவை. நாலு இஞ்ச் பிவிசி குழாய்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் நீளம், இரு முனைகளிலும் மூடி வைத்து சொல்யூஷன் தடவி அடைத்தவை. இந்தக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர் நீரை விலக்கும். இரண்டும் சேர்ந்து 34 லிட்டர், அதாவது தம் எடையையும் சேர்த்து 34 கிலோ வரை தாங்கும். மொத்தச் சாமானும் பத்துக் கிலோவுக்குள் அடங்குவதால், பிடித்துக்கொள்பவரின் கைப்பாரத்துக்கும் இடம் இருக்கிறது. குழாய்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒரு இஞ்ச் குழாய்களைக் குறுக்கே கிளாம்பு போட்டு இறுக்குகிறோம். நான்கு மூலைகளிலும் 90 சென்டிமீட்டர் உயரக் கால்கள். கீழே வளையம்போல் அடைக்காமல் முன்னும் பின்னும் திறந்திருப்பதால், ஆள் நடுவே நுழைந்து நடக்கலாம்; ஏதாவது நேர்ந்தால் உடனே வெளியேறவும் முடியும். கழற்றினால் ஒரு கட்டாகக் காரின் மேல் கட்டிக்கொள்ளலாம். நீளவாட்டைக் கிழக்கு மேற்காக நிறுத்த வேண்டும். மாலையில் இறங்குவதானால் மேற்குப் பக்கம் ஒரு துணித்திரையும் தொங்கவிட வேண்டும்.

கூரைக்கு முதலில் வீட்டிலிருந்த பழைய கண்டாங்கிச் சேலையைக் கட்டினோம். நீரின் மேல் அந்த அரக்குச் சிவப்புக் கட்டம் ஆடிக்கொண்டிருந்தது பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் பருத்தித் துணி நனைந்துவிட்டால் உலர்ந்திருந்ததைவிட அதிகப் புற ஊதாக் கதிரை உள்ளே விடும். நீரில் மிதக்கும் கூரையோ தெறிப்பில் நனைந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே நெருக்கமாக நெய்த, வெள்ளிப் பூச்சுள்ள குடைத்துணிக்கு மாறினோம். நடுவில் ஓரடி அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் இன்னொரு துண்டைச் சற்று உயர்த்தித் தைத்திருப்பதால் காற்று அவ்வழியே வெளியேறிவிடுகிறது. கடையில் வாங்குவதானால் யுபிஎஃப் 50 என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே அந்தத் துணி விடுகிறது என்பது அதன் பொருள். தோட்டங்களில் போடும் பச்சை நிழல்வலை காற்றுக்கு நல்லது என்றாலும், 50 சதவீத வலை பாதி வெயிலைக் கீழே இறக்கிவிடும்.

மிகச் சிறந்த துணியும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதைக் கேட்டவர் அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும். புற ஊதாக் கதிர் அலைநீளம் குறைந்தது என்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அதிகமாக வானில் சிதறுகிறது. பந்தலின் அடியில் நின்றபடி நாலாபுறமும் எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு வழிகளில் அது உள்ளே வரும். தெளிந்த நீரில் அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. எங்கள் பக்கம் கோடை நண்பகலில், அந்தக் கதிரின் வீரியத்தைக் காட்டும் எண்ணான புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். அந்த அமைப்பின் வரிசையில் அதுவே உச்ச நிலை. ஆதலால் பந்தல் இருந்தாலும் அப்பச்சி முழுக்கை நீச்சல் சட்டை அணிந்துதான் இறங்குகிறார். நீந்தி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் போதும்; காலை எட்டரை மணிக்குள் கரையேறச் செய்தால் இன்னும் நல்லது. பந்தல் எந்த வகையிலும் உயிர்காப்புச் சாதனம் ஆகாது. கைக்குழந்தைகளுக்கென்று கூரையோடு விற்கும் காற்றடைத்த வளையத்தில் குழந்தையை வைத்துவிட்டு யாரும் கையெட்டும் தூரத்தைத் தாண்டிப் போகவே கூடாது.

மிதவையை நிலைநிறுத்த, பத்துக் கிலோ மணல் மூட்டையைத் தடித்த கயிற்றில் கட்டி இறக்குகிறோம். அந்த மணல் நீருக்குள் ஆறு கிலோ அளவுக்கே கனக்கும் என்பதால் பத்துக் கிலோவுக்குக் குறைந்த மூட்டை இழுபடும். கயிறு ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆள் நுழையாத பக்கத்தில். மெல்லிய நைலான் கயிறு காலில் சுற்றிக்கொள்ளும். குடிநீர் ஊருணியில் இதை இறக்க எண்ண வேண்டாம். எங்கள் ஊர்களில் குடிக்கும் ஊருணியில் கால் கழுவக்கூட விடமாட்டார்கள், அந்தக் கட்டுப்பாடு இருப்பதே நல்லது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடலுக்கு எடுத்துச் செல்வதானால் ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காலம் அது. மூட்டை நழுவினால் மிதவை ஆளோடு உள்ளே போய்விடும், அலை குறைந்த கடல் என்ற நம்பிக்கையில் அது கவனத்துக்கும் வராது.

குழாய் மூடிகளின் ஒட்டு வெயிலில் நாளடைவில் விடும். அதனால் நீரில் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழாயைக் காதருகே தூக்கிக் குலுக்கிப் பார்ப்பது அப்பச்சியின் பொறுப்பு. உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் அன்று பந்தல் கரையேறிவிடும், அவரும் படியில் அமர்ந்து கால் நனைப்பதோடு திரும்பிவிடுவார்.