கிறிஸ்துமஸ் விருந்து: 14 பேருக்கு எவ்வளவு கறி, எப்போது வாங்குவது?

கேள்வி: வணக்கம் அக்கா. கல்யாணமாகி எனக்கு இது இரண்டாவது கிறிஸ்துமஸ். இந்த வருடம் மதிய விருந்து எங்கள் வீட்டில். மாமனார், மாமியார், இரண்டு மதினிமார் குடும்பம், என் அம்மா, அப்பா என்று பெரியவர்கள் 10 பேர், பிள்ளைகள் 4 பேர். பிரியாணி, சிக்கன், மட்டன் சுக்கா, மீன் பொரியல், ஆப்பம், பாயசம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை எவ்வளவு வாங்குவது, எந்த நாளில் வாங்குவது என்று பிடிபடவில்லை. 24-ஆம் தேதி இரவுத் திருப்பலிக்கும் போக வேண்டும். — நாகர்கோவில் வாசகி

பதில்: முதலில் பட்டியலைக் குறையுங்கள் அம்மா. மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல், கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி, அவித்த முட்டை, சேமியா பாயசம், அப்புறம் கேக். 14 பேருக்கு இது நிறைவான சாப்பாடு. மீனை இந்த ஒரு நாள் விட்டுவிடலாம். சுடச்சுடப் பொரித்துப் போட ஓர் ஆள் கடைசிவரை அடுப்படியிலேயே நிற்க வேண்டிவரும், அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆப்பம் வேண்டுமென்றால் காலைப் பலகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தோடு சேர்க்க வேண்டாம்.

இனி அளவு. வேறு பதார்த்தங்களும் இருக்கும்போது 1 கிலோ சீரகச் சம்பா 8 முதல் 10 பேருக்குக் காணும். உங்கள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ போதும். கறி எலும்போடு 2 கிலோ எடுங்கள்; வெந்தால் சுருங்கும், எலும்பும் கழியும். சிக்கன் ஒன்றரைக் கிலோ. பாத்திரம் 12 லிட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டில் இல்லையென்றால் வாடகைப் பாத்திரக் கடையில் முதல் வாரமே சொல்லிவையுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே நல்ல தேக்சா மிஞ்சாது.

வாங்கும் நாளைப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அரிசி, நெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், முந்திரி, திராட்சை எல்லாம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடலாம். அரிசி வந்த அன்றே ஓர் உழக்கு போட்டு ஆக்கிப் பாருங்கள். பழைய அரிசி தண்ணீர் அதிகம் கேட்கும், புது அரிசி சட்டென்று குழையும். அரை மணி நேரம் ஊறிய சீரகச் சம்பாவுக்கு ஒன்றுக்கு ஒன்றரைத் தண்ணீர் என்று ஆரம்பித்து, உங்கள் அரிசிக்கு எவ்வளவு என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, தேங்காய் 20-ஆம் தேதி வாக்கில். 23-ஆம் தேதி இஞ்சி பூண்டு அரைத்து வைத்துவிடலாம். கறி, தயிர், புதினா, மல்லித்தழை இவை மட்டும் 24-ஆம் தேதிக்கு.

கறியை 24-ஆம் தேதி காலையிலேயே வாங்குங்கள். மாலைக்குள் மசாலாவோடு சேர்த்து முக்கால் பதம் வேகவைத்துவிடுங்கள். சூடு ஆறியதும், 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல், அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆழமான ஒரே பாத்திரத்தில் வைத்தால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுப்போகும். திருப்பலி முடிந்து வந்து நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் 11 மணிக்கு அந்தக் கறியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தண்ணீரும் ஊறிய அரிசியும் சேர்த்து, தம் போட்டால் ஒரு மணிக்குப் பந்தி வைத்துவிடலாம். மசாலா ஓர் இரவு ஊறியதில் கறிக்கும் தனி ருசி வந்திருக்கும்.

கறிக்கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் 2 கிலோ வாங்கினேன். கடைக்காரர் தராசில் வைத்தார், 2 கிலோ காட்டியது, சரி என்றேன். வெட்டும்போது, “இந்தக் கொழுப்பு வேண்டாம்தானேக்கா” என்று ஒரு துண்டை ஓரம் தள்ளினார். ஜவ்வு கொஞ்சம் போனது. கழுத்து எலும்பில் ஒரு துண்டும் போனது. வீட்டுத் தராசில் வைத்தால் 1 கிலோ 820 கிராம். ஒரு வேளைக் குழம்புக்கான கறி கடை மேசையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து, வேண்டாததை முதலில் கழித்துவிட்டு அப்புறம் நிறுக்கச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் தயங்காதீர்கள்; நாம் காசு கொடுப்பது எடைக்கு. பிரியாணிக்கு முன்னந்தொடையும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள். பின்னந்தொடை மட்டும் போட்டால் சக்கை சக்கையாக இருக்கும்.

வெள்ளாடா செம்மறியா என்று தெரிந்துகொள்ள வால் விட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி இருக்கும், செம்மறி வால் தொங்கும். மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில் வெட்டியதென்றால் தொடையில் முத்திரை இருக்கும். முன்பணம் கொடுத்துச் சொல்லிவைப்பதானால் கிலோ விலை, எடை, எடுக்கும் நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். 24-ஆம் தேதி “விலை ஏறிவிட்டது” என்று சொன்னால் காட்டுவதற்கு அந்தச் சீட்டுதான் இருக்கும்.

கேள்வி: சென்ற கிறிஸ்துமஸுக்குத் தெருவிலுள்ள பேக்கரியில் 2 கிலோ பிளம் கேக் சொல்லி முழுப்பணமும் கட்டினேன். வந்த கேக்கில் பழமே இல்லை, சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃபுரூட்டிதான். அட்டையோடு நிறுத்தும் 1 கிலோ 700 கிராம்தான் இருந்தது. கேட்டதற்கு “பண்டிகை ஆர்டருக்குப் பணம் திரும்பத் தருவதில்லை” என்றார்கள். ரசீதும் கொடுக்கவில்லை. இந்த வருடம் என்ன செய்யட்டும்? — பாளையங்கோட்டை வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. குடும்பமே சுற்றி நின்று வெட்டுகிற கேக் அது. “பணம் திரும்பத் தருவதில்லை” என்று பலகை எழுதி மாட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரசீது தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ரசீதில் சொன்ன நாளுக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர மறுப்பதும் அதே கணக்குதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். உங்களிடம் ரசீது இல்லாவிட்டாலும், கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், கேக்கைத் தராசில் வைத்து எடுத்த படமும் சாட்சிதான்.

இந்த வருடம் வேறு கடையோ அதே கடையோ, சொல்லும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். “பிளம் கேக்” என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. டூட்டி ஃபுரூட்டி என்பது பப்பாளிக்காயைப் பாகில் ஊறவைத்து நிறம் ஏற்றியது. அது கெடுதல் இல்லை, ஆனால் திராட்சை, பேரீச்சை, முந்திரி விலையில் அதை விற்கக் கூடாது. என்ன பழம், வெண்ணெயா மார்ஜரினா, அட்டை நீங்கலாக எத்தனை கிலோ என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். அட்டையும் பெட்டியும் எடையில் சேராது. இனிப்புக் கடைக்கும் இதே நியாயம்தான். வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். 14 இலக்க எண் அது. அதைக் கேட்பதால் யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது.

பொட்டலக் கேக் வாங்கினால் பின்புறம் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். சர்க்கரையும் மைதாவும் முன்னால் நின்று, திராட்சை கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது தெரிந்துபோகும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய வரி போட்ட ரசீதை நீட்டினால் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் சைவக் குடும்பம், எதிர் வீட்டில் முஸ்லிம் குடும்பம். வருடாவருடம் தட்டு மாற்றிக்கொள்வோம். கடைக் கேக்கில் முட்டையும் ரம்மும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — மதுரை வாசகி

பதில்: முட்டை சேர்ந்திருந்தால் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும், இல்லையென்றால் பச்சை வட்டம். ஆனால் பச்சை வட்டம் மதுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குச் சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். கேக் வெந்தால் ரம் முழுக்க ஆவியாகிவிடும் என்பார்கள், அது சரியில்லை, கொஞ்சம் தங்கும். அந்த இரண்டு வீட்டுக்கும் பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்து, முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்து நீங்களே சின்னதாக ஒன்று செய்து கொடுங்கள். அல்லது முந்திரிக்கொத்து கொடுங்கள். வறுத்த பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிக்கிற அந்தப் பலகாரத்தில் யாருக்கும் தடை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: அச்சு முறுக்குக்குப் புதிய அச்சு வாங்கினேன். மாவு அச்சை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. பாத்திரக் கடையில் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள். புகார் கொடுக்கலாமா? — தூத்துக்குடி வாசகி

பதில்: இதில் கடைக்காரர் பக்கம்தான் நிற்பேன். அச்சில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, பழக்காத அச்சு அப்படித்தான் செய்யும். அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தேய்த்துத் துடைத்து, அப்புறம் ஓர் இரவு முழுக்க எண்ணெயில் போட்டு வையுங்கள்.

பொரிக்கும்போது எண்ணெய் காய்கிற நேரம் முழுக்க அச்சும் அதற்குள்ளேயே இருக்கட்டும். எடுத்து மாவில் வைத்ததும் “சுர்” என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சூடு போதவில்லை, திரும்ப எண்ணெயில் வையுங்கள். மாவு அச்சின் முக்கால் உயரம் வரைதான் ஏற வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மூடிவிட்டால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், பிறகு கத்தி கொண்டு சுரண்டத்தான் வேண்டும். எண்ணெயில் இறக்கி, ஓரம் நிறம் மாறத் தொடங்கியதும் லேசாக ஓர் உதறு. பூ தானாகக் கழன்று மிதக்கும். என் வீட்டிலிருப்பது அம்மா காலத்து அச்சு. அதிலும் முதல் இரண்டு ஒட்டத்தான் செய்யும்.

இவ்வளவும் செய்த பிறகும் வராமல், அச்சின் கம்பி ஆடுகிறது, விளிம்பில் பிசிறு இருக்கிறது என்றால் அது குறைதான். அப்போது ரசீதோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: கேக்குக்கும் பிரியாணிக்கும் முந்திரி வாங்க வேண்டும். கிலோ விலை கடைக்குக் கடை நூற்றுக்கணக்கில் மாறுகிறதே, ஏன்? — விழுப்புரம் வாசகர்

பதில்: பருப்பின் பருமனை வைத்துத்தான் விலை. 240, 320 என்று மூட்டையில் எழுதியிருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, ஏறக்குறைய எத்தனை முழுப் பருப்பு என்பது அந்த எண். எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடும். பண்ருட்டி உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நடை போய் நேரில் பார்த்து வாங்கலாம். பிரியாணிக்கும் கேக்குக்கும் முழு முந்திரி தேவையே இல்லை, எப்படியும் ஒடித்துத்தானே போடுகிறோம். இரண்டாகப் பிளந்ததோ துண்டோ வாங்குங்கள், ருசியில் மாற்றம் இல்லை. கடையிலேயே ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் வாங்கலாம், நமத்திருந்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.